ஈயக்கட்டியை ராவிய ஒன்பது நாள்

"மூணாவதும் புகைஞ்சு போச்சு. ஏன்?" என்று கேட்டுக்கொண்டே தாணுமாலயன் மாடிப்படி ஏறினார்.

கேள்வி அவருடையது. பதிலையும் அவரே சொன்னார். "கரண்ட் அதிகம். இல்லேன்னா சிப்பு மட்டம். இல்லேன்னா எஞ்சின் பழசு."

ஜமீலா தலை நிமிரவில்லை. அவள் முன்னால் யாரோ ஒருவரின் காது மெஷின் திறந்து கிடந்தது.

மதுரை சிம்மக்கல்லில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அவள் கடை. காது மெஷின் ரிப்பேர்தான் தொழில். முப்பத்துமூன்று வயது. பாசிப்பயறு அளவு சாமானைக்கூடப் பிரித்து மாட்டுகிற விரல்கள். கொடைக்கானல் பங்களா ஒன்றில் கிடந்த பழைய பொம்மை ரயில்களுக்கெல்லாம் ரிமோட்டும் சத்தமும் வைத்துக் கொடுத்தவள் அவள்தான் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார் தாணுமாலயன்.

அவருக்கு அறுபத்திரண்டு. ரயில்வேயில் கன்ட்ரோலராக இருந்தவர். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எது எதற்கு வழிவிட வேண்டும் என்று முப்பத்துநான்கு வருஷம் போனில் உத்தரவு போட்டவர். ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் பார்த்தால், உத்தரவு போட வீட்டில் மனைவி செண்பகவல்லி மட்டும்தான் இருந்தாள்.

போன மாதம் அவளும் தென்காசிக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மிச்சமிருந்தது இந்த எஞ்சின்தான். பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு சாண் நீளம். கறுப்பு நீராவி எஞ்சின் பொம்மை. ஐம்பது வருஷத்துக்கு முந்தியது. தண்டவாளத்தில் கரண்ட் கொடுத்தால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். வேறொன்றும் தெரியாது அதற்கு. டிகோடர் என்கிற சின்னச் சிப்பை உள்ளே வைத்துவிட்டால் ரிமோட்டில் சொன்னபடி கேட்கும். கூவும். புஸ்ஸென்று மூச்சு விடும். அப்படித்தான் புத்தகத்தில் போட்டிருந்தது.

"நான் புத்தகத்துல உள்ளபடிதான்மா செஞ்சேன். சிவப்பு ஒயர் சிவப்புக்கு, கறுப்பு ஒயர் கறுப்புக்கு. அதுல பாருங்க..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜமீலா எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிவிட்டாள். ஒரே ஒரு இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக் காட்டினாள்.

"மோட்டாரோட ஒரு கால் எஞ்சின் உடம்பைத் தொடுது."

"தொட்டா என்ன?"

"தண்டவாளத்துக் கரண்ட் உடம்பு வழியா நேரா மோட்டாருக்குள்ள போகுது."

"அதுக்கு ஏன் சிப்பு எரியணும்?"

"அது நடுவுல நிக்குதே."

நகக்கண் அளவு டேப்பைக் கத்தரித்து மோட்டாருக்கும் உடம்புக்கும் நடுவில் ஒட்டினாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா மூணு சிப்பு?"

"ஆமா சார்."

தாணுமாலயனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்றைக்கே அவளை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவள் வேண்டாம் என்றாள். அது அவர் காதில் விழவில்லை.

"சரி டீச்சர், நாலாவது சிப்பை வெச்சுடுங்க. சத்தமும் வேணும். பெருசா வேணும். தெருமுனை வரைக்கும் கேக்கணும்."

ஜமீலா எஞ்சினின் வயிற்றைக் காட்டினாள். அதற்குள் ஓர் ஈயக்கட்டி, இடைவெளியே இல்லாமல் அடைத்துக்கொண்டு கிடந்தது.

"இடம் இல்ல."

"அது வெயிட்டு டீச்சர்! அந்தக் கனம் இருந்தாத்தான் எஞ்சின் பெட்டியை இழுக்கும். எனக்குத் தெரியாதா?"

அவள் மேஜை டிராயரைத் திறந்து ஓர் அரத்தை எடுத்து நீட்டினாள். கூடவே ஒரு கையுறை, ஒரு ஈரத்துணி, ஒரு ஸ்டூல்.

"பாதியை ராவி எடுங்க. இங்கேயே."

ராவத் தெரிந்தவனுக்கு அது இரண்டு மணி நேர வேலை. தாணுமாலயனுக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

காரணம், அவருக்கு வாய் பேசினால் கையும் சேர்ந்து பேசும். கை பேசினால் அரம் நிற்கும்.

கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர் பேச்சு கொடுத்தார். வழி கேட்காதவர்களுக்கும் பஸ் நம்பர் சொன்னார். ஓர் அம்மாளின் காதில் புது மெஷினை மாட்டி, ஜமீலா "கேக்குதா?" என்று கேட்டபோது, "நல்லா கேக்குதாம்" என்று இவர் பதில் சொன்னார்.

"சார், அவங்க சொல்லட்டும்."

"அவங்க தலையாட்டுனதை நான் பாத்தேன் டீச்சர்."

"ஒண்ணும் கேக்கல," என்றாள் அந்த அம்மாள்.

தினமும் பகல் பன்னிரண்டு அடித்தால் தாணுமாலயன் தென்காசிக்கு போன் போடுவார்.

"செண்பா, இன்னைக்கு ஒரு நூல் அளவு குறைஞ்சிருக்கு. டேப் ஒட்டுனது நிக்குது. நாளைக்கு மூலையைப் பிடிக்கிறேன். நீ மாத்திரையை மறக்காத. மத்தியானம் தயிர் வேண்டாம். சரி, வெச்சிடறேன்."

வைத்துவிடுவார்.

ஆறாம் நாள், அப்படி வைத்தவரை ஜமீலா நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லப்போறா? கேட்டுக்கிட்டா."

"எதுக்கு ஊருக்குப் போயிருக்காங்க?"

தாணுமாலயன் வாயைத் திறந்தார். மூடினார். அந்த ஆறு நாளில் அவர் பேச்சே இல்லாமல் அரம் நின்றது அப்போதுதான்.

"சொல்ல வந்தா டீச்சர். பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னு என்னமோ சொல்ல வந்தா. நான் அப்ப முதல் சிப்பு எரிஞ்சதைச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"அப்புறம் கேக்கலையா?"

"ரெண்டாவது எரிஞ்சுபோச்சே."

ஜமீலா காது மெஷினுக்குத் திரும்பினாள். தாணுமாலயன் அரத்தை எடுத்தார். அன்று சாயங்காலம் வரை நிறையவே ராவினார்.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் போன் போட்டார். கேட்டுவிட வேண்டும் என்றுதான் போட்டார். மறுமுனையில் "ஹலோ" என்று கேட்டதுமே ஈயக்கட்டி வாயில் வந்துவிட்டது. வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒன்பதாம் நாள் கட்டியில் பாதி போயிருந்தது. எஞ்சின் வயிற்றில் தீப்பெட்டி அளவு குழி.

ஜமீலா டிகோடரை வைத்து ஒயர்களைப் பற்றவைத்தாள். சட்டைப் பொத்தான் அளவு ஸ்பீக்கர் ஒன்றைச் சேர்த்தாள். கடையில் அவள் வைத்திருந்த ஒரு முழம் தண்டவாளத்தில் எஞ்சினை நிறுத்தினாள். ரிமோட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"கூவச் சொல்லுங்க."

தாணுமாலயன் பட்டனை அழுத்தினார்.

கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"இது என்ன டீச்சர்?"

"கூவுது."

"வால்யூமைக் கூட்டுங்க."

கூட்டினாள். இன்னும் நாலு கொசு வந்தது.

"ஸ்பீக்கர் மட்டம். வேற போடுங்க. இல்ல, ஒயரை மாத்திப் பாருங்க. நான் சொல்றேன், அந்தச் சிவப்பை..."

ஜமீலா டிராயரைக் கிளறி, தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். மூடியில்லாத வாயில் ஸ்பீக்கரை வைத்து அழுத்திப் பொருத்தினாள்.

"இப்ப."

அழுத்தினார்.

கூவியது. அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி, நீளமாக, கடை முழுக்கக் கூவியது. மேஜைமேல் ஸ்க்ரூக்கள் அதிர்ந்தன. பெஞ்சில் புது மெஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் திடுக்கிட்டு எழுந்து, மஞ்சள் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "வந்திருச்சா? எந்த பிளாட்பாரம்?" என்று கேட்டார்.

தாணுமாலயன் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்.

"அந்த டப்பாக்குள்ள என்ன வெச்சீங்க?"

ஜமீலா ஸ்பீக்கரைக் கழற்றி டப்பாவை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

உள்ளே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கவிழ்த்துத் தட்டினார்.

"ஒண்ணுமே இல்லையே!"

"ஆமா சார்."

டப்பாவை வாங்கி, ஸ்பீக்கரோடு சேர்த்து, அவர் ராவிய குழியில் உட்கார வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. மேல்மூடியைப் போட்டுத் திருகினாள்.

எஞ்சின் மெல்ல நகர்ந்தது. புஸ், புஸ் என்று மூச்சு விட்டது. ஒரு முழம் போய் நின்றது. திரும்பி வந்தது. பெரியவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

தாணுமாலயன் ரிமோட்டை மேஜைமேல் வைத்துவிட்டார். மூன்று சிப்பு, ஒன்பது நாள். கூவச் சொன்னதென்னவோ மூன்றே தடவை. ஸ்டூலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லாத அந்த டப்பா இருந்த இடம் அது.

கடிகாரம் பன்னிரண்டு அடித்தது.

போனை எடுத்தார். போட்டார்.

"ஹலோ," என்றாள் செண்பகவல்லி. "ம், சொல்லுங்க. எஞ்சின் என்னாச்சு?"

"நீ சொல்லு."

"ஹலோ? யாரு பேசறது?"

"நான்தான் செண்பா."

"உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன ஏன் இப்படி?"

பதில் அவர் நாக்கு நுனி வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு காக்கை கத்தியது. யாரோ வாளியை நகர்த்தினார்கள். தங்கை வீட்டில் கிணறு வாசல் பக்கமா, கொல்லைப் பக்கமா என்றுகூடத் தனக்குத் தெரியாது என்று அவருக்குத் தோன்றியது.

ஜமீலா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டாள்.

"சிரிக்கக் கூடாது," என்றாள் செண்பகவல்லி.

அவர் சிரிக்கவில்லை.

"ஸ்கூட்டர் ஓட்டப் படிக்கிறேன். தங்கச்சி வண்டியில. அங்கன நீங்க இருந்தா படிக்க முடியாதுன்னுதான் இங்க வந்தேன். நாலு வாட்டி விழுந்துட்டேன். முழங்கால் பேந்துபோச்சு. லைசன்ஸுக்கு எழுதிப் போட்டாச்சு. வர்ற வியாழக்கிழமை எட்டு போட்டுக் காட்டணும், காலை ஊனாம. எல்லாரும் நின்னு பாப்பாங்களாம். ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. பயமா இருக்குங்க."

எட்டு போடுவது எப்படி என்று தாணுமாலயனுக்குத் தெரியும். வேகம் எவ்வளவு, வளைவில் பார்வை எங்கே, பிரேக் எப்போது, எந்தப் பக்கம் சாய வேண்டும். முப்பத்துநான்கு வருஷத்து உத்தரவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வாசல் வரை வந்து நின்றன.

"அப்புறம்?" என்றார்.