அறுபத்து நாலு அடி

அளவு தப்பிப்போயிற்று. நான்கு அடி.

அளந்தவர் ஆறுச்சாமி. முப்பது வருஷம் மலைப் பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு பெற்றதும் வீட்டில் இருக்க முடியவில்லை. நில அளவை கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டார். சிஷ்யனுக்கு வயது ஐம்பத்தொன்பது. குரு மெஹருன்னிசாவுக்கு முப்பத்தொன்று.

இடம், கோத்தகிரிப் பக்கம் ஒரு சரிவு. பேக்கரிக்கார எட்வின் அங்கே வீடு கட்டுகிறான். அவனுக்கு முதல் வீடு. பத்திரத்தில் மேலிருந்து கீழாக அறுபது அடி. மேல் எல்லையில் ஒரு சர்வே கல், கீழ் எல்லையில் ஒரு கல்.

நேற்று ஆறுச்சாமி குருவைக் கேட்காமல் தனியாகப் போய் அளந்தார். கல்லுக்குக் கல், அறுபத்து நாலு.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். பஸ்ஸில் பழகிய தொண்டை. "அறுபத்து நாலு! நாலடி ஜாஸ்தி!" என்று மலை அதிரக் கத்தினார்.

கீழ் நிலத்தில் காரட் பிடுங்கிக்கொண்டிருந்த மாதியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

விடிந்ததும் கடப்பாரையோடு வந்தாள். கீழ்க்கல்லைப் பிடுங்கினாள். எல்லையோரம் எட்வின் தடுப்புச்சுவருக்கு வெட்டி வைத்திருந்த குழிக்குள் அதைத் தள்ளி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் நாலடி மண்ணுல சிமெண்ட் விழட்டும், பார்க்கறேன்."

கான்கிரீட் போட ஆள் வந்தாயிற்று. மேலே ரோட்டில் மிஷின் நிற்கிறது. வானம் கறுத்துக் கிடக்கிறது.

மெஹருன்னிசாவின் ஸ்கூட்டர் வந்து நின்றதும் ஆறுச்சாமி ஓடினார்.

"மேடம், அந்தக் கல்லே பொய்யிங்க!"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "கல்லு பேசுச்சாங்ணா?"

"பத்திரத்துல அறுபது. டேப்புல அறுபத்து நாலு. ஏதோ ஒண்ணு பொய்தானுங்களே?"

"எப்படி அளந்தீங்க?"

"டேப்பை வெச்சு."

"எங்க வெச்சு?"

"தரையில வெச்சு. பின்ன ஆகாசத்துலயா வெப்பாங்க?"

அவள் ஆகாசத்தைப் பார்த்தாள்.

"மழை வருமாண்ணா?"

"மத்தியானத்துக்குள்ள கொட்டிரும். அதுக்குள்ள சுவர் போடலீன்னா வெட்டின மண்ணெல்லாம் சரிஞ்சிரும். நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன கேக்கறீங்க!"

"மழை எப்படி விழும்?"

"என்னங்க?"

"தரை சாஞ்சிருக்கே. மழையும் சாஞ்சா விழும்?"

"நேராத்தான் விழும். தரை சரிவுன்னு மழைக்குத் தெரியுமா?"

"ம்" என்றாள்.

பெட்டியைத் திறந்து தூக்குக்குண்டை எடுத்தாள். நூலில் கட்டிய பித்தளைக் குண்டு. சுவர் நேராக எழும்புகிறதா என்று கொத்தனார் தொங்கவிட்டுப் பார்ப்பது. அதை அவர் கையில் வைத்தாள்.

"இது எதுக்குங்க? இன்னும் சுவரே எழும்பலியே!"

"அறுபத்து நாலுன்னு கத்தினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்களே சரிபண்ணுங்க."

போய் ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். இன்னும் வராத மழைக்குக் குடையை விரித்தாள். அவ்வளவுதான் பாடம்.

ஆறுச்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குண்டோடு சரிவில் இறங்கினார்.

குழியருகே எட்வின் குதித்துக்கொண்டிருந்தான். "சர்வே கல்லைப் பிடுங்கினா ஜெயிலு, தெரியுமா?"

"போடு உள்ள. நாலடியைத் திருடினது யாருன்னு அங்க வந்து சொல்றேன்."

"யம்மா, குழி வெட்டியாச்சு, கம்பி கட்டியாச்சு. நாலடி உள்ள தள்ளினா என் சமையலறையே போச்சு!"

"வெளியில அடுப்பு வை."

மேலேயிருந்து மேஸ்திரி கத்தினார். "மிஷினை ஓட்டவா, வேண்டாமா?"

"இருய்யா!" என்றான் எட்வின்.

மாதியம்மா ஆறுச்சாமியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வாய்யா கண்டக்டரு! நேத்து நீதானே டிக்கெட் கிழிச்சே, அறுபத்து நாலுன்னு?"

"ஆமாங்க."

"அப்ப நாலடி வித்தவுட்டுதானே? இறக்கிவிடு!"

ஆள்களெல்லாம் சிரித்தார்கள். முப்பது வருஷ சர்வீஸில் யாரும் அவரைப் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை.

மேல்கல்லில் எட்வினை நிறுத்தி டேப்பின் முனையைக் கொடுத்தார். இழுத்துக்கொண்டு கீழே வந்தார். கல்லைப் பிடுங்கிய பள்ளம் குழிக்கு அந்தப்பக்கம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அறுபத்து நாலு.

இன்னொரு முறை. அறுபத்து நாலு.

குண்டைத் தொங்கவிட்டார். ஆடியது. நின்றது. நூல் நேராக இருந்தது. தரை சாய்ந்திருந்தது. பார்த்தார், பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை.

"அது என்னய்யா கையில? கோயில் மணியா?" என்றாள் மாதியம்மா.

"மேடம் குடுத்தாங்க."

"குடுத்து என்ன சொன்னா அந்தப் பொண்ணு?"

"மழை எப்படி விழும்னு கேட்டுட்டுப் போய் உட்கார்ந்துட்டாங்க. நேரா விழும்னேன். 'ம்'ங்கறாங்க. நீங்களே சொல்லுங்க, இதெல்லாம் ஒரு பதிலா?"

மாதியம்மா சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை.

திரும்பித் தன் நிலத்தைப் பார்த்தாள். படிப்படியாக வெட்டிய காரட் காடு. ஒவ்வொரு படியும் தட்டு மாதிரி சமமாக இருந்தது.

"அடப்பாவி" என்றாள்.

"யாரை?"

"என்னைத்தான். எங்காடும் இதே சரிவுதான்யா. அஞ்சு வருஷம் முன்னாடி படி வெட்டினேன். வெட்டி முடிச்சு ஒவ்வொரு படியா அளந்து கூட்டினா, முன்னால இருந்ததை விடக் கம்மி. மண்ணைத் திருடிட்டான்னு அந்த ஜேசிபிக்காரனைக் கடப்பாரையோட துரத்தினேன். பாவம், வண்டியை விட்டுட்டு ஓடினான்."

"எவ்வளவு கம்மி?"

அவள் எழுந்துவிட்டாள்.

"குண்டைக் குடு."

"எதுக்கு?"

"குடுய்யா! எட்வினு, நீ தள்ளி நின்னு டேப்பு மட்டமா இருக்கான்னு பாரு. கண்டக்டரு, நீ மேல்கல்லுல முனையைப் புடி. நான் கீழ நிக்கறேன். டேப்பைத் தரையில போடாத. தூக்கு! எங்காட்டுப் படி மாதிரி மட்டமா வரணும்."

பத்து அடிக்கு இழுத்தாள். முனை கல்லில் இருந்தது. இந்தப்பக்கம் டேப் அவள் நெஞ்சு உயரத்துக்கு வந்தது.

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க. போதும்!" என்றான் எட்வின்.

பத்தாவது அடியிலிருந்து குண்டை விட்டாள். நேராக இறங்கித் தரையைத் தொட்டது. அங்கே ஒரு குச்சியை அடித்தாள்.

"ஒண்ணு!"

குச்சியிலிருந்து அடுத்த பத்து. குண்டு இறங்கியது.

"ரெண்டு!"

மூன்றாவதில் ஆறுச்சாமியின் கை நின்றுபோயிற்று. டேப் படுத்திருந்தது. நூல் நின்றிருந்தது. சரிவு இரண்டுக்கும் நடுவே, பத்திரத்தின் கணக்கில் சேராமல், தன்பாட்டுக்குச் சாய்ந்து கிடந்தது.

பாறையைத் திரும்பிப் பார்த்தார். குடை அசையவில்லை.

"தூங்கிட்டியா கண்டக்டரு? இழு!"

"ரைட்! ரைட்!" என்றார்.

"நாலு!"

மிஷினை விட்டுவிட்டு ஆள்கள் இறங்கி வந்தார்கள். மேஸ்திரி வந்தார். எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள்.

"அஞ்சு!"

முதல் துளி விழுந்தது. ஆறுச்சாமியின் வழுக்கையில், நேராக.

கடைசிப் பத்து. மாதியம்மா சுவர்க் குழியைத் தாண்டினாள். டேப்பைத் தூக்கினாள். எட்வின் மட்டம் பார்க்கவேண்டியவன், கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணைத் தொறடா!"

"போதும்! அப்படியே!"

குண்டை விட்டாள்.

இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. தரையில் படவில்லை. அவள் பிடுங்கிய கல்லின் பள்ளத்துக்குள் போய் நின்றது.



"ஆறு" என்றாள் மாதியம்மா, மெதுவாக.

அடுத்த நொடி குழிக்குள் குதித்தாள். கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். எட்வின் கை கொடுக்கப் போனான்.

"தள்ளுடா. பிடுங்கத் தெரிஞ்சவளுக்கு நடத் தெரியாதா?"

பள்ளத்தில் இறக்கினாள். மண்ணைத் தள்ளினாள். கடப்பாரையால் இடித்தாள். ஒரு காலை வைத்து மிதித்துப் பார்த்தாள். அசையவில்லை.

"நிக்கறீங்களேடா! மிஷினை ஓட்டுங்க! இந்த மண்ணு சரிஞ்சா என் காரட் மேலதான் வந்து விழும்!"

மிஷின் உறுமியது. ஆள்கள் ஓடினார்கள்.

மெஹருன்னிசா குடையோடு இறங்கி வந்தாள். அளவுப் புத்தகத்தைப் பிரித்தாள். நேற்றைய பக்கம். "64 அடி. அளந்தவர்: ஆறுச்சாமி." பெயருக்குக் கீழே மூன்று கோடு.

பேனாவை நீட்டினாள். குடையையும் அவர் பக்கம் சாய்த்தாள்.

ஆறுச்சாமி 64-ஐ அடித்தார். 60 என்று எழுதினார். மூடப் போனார்.

"அளந்தவர்?" என்றாள்.

அவர் கீழே பார்த்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருத்தி கலவைச் சட்டியை வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எட்வினுக்குத் திட்டு விழுந்துகொண்டிருந்தது.

தன் பெயரை அடித்தார். பக்கத்தில் எழுதினார்.

மாதியம்மா.