ஐந்து ஸ்பீக்கருக்கு நடுவில் ஒரு முக்காலி

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடிக்கடை. அங்கே போய் ஜுபைதா என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மாஸ்டரம்மா என்றால் கீழே ஜூஸ் கடைக்காரர்கூட கையை நீட்டி மாடிப்படியைக் காட்டுவார். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், பல ஸ்பீக்கர்களுக்குப் பாட்டைப் பிரித்து அனுப்பும் ரிசீவர் விற்பதுதான் அவருக்குத் தொழில். ஆனால் விற்பதைவிட, "உங்களுக்கு இது வேண்டாங்க" என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்புவதுதான் அதிகம். கடை எப்படித்தான் ஓடுகிறதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அவருடைய சீடர் தேவசகாயம். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீடருக்கு வயது அறுபத்தொன்று, குருவுக்கு முப்பத்தாறு. அதைப் பற்றி இரண்டு பேருமே கவலைப்பட்டதில்லை. மூன்று வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்து, பாட்டை எப்படிக் கேட்பது என்று அந்த மாடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

அந்தச் சனிக்கிழமை மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் ஒரு நோட்டு.

"மாஸ்டரம்மா, இன்னிக்கே ஒரு ரிசீவர் வாங்கணும். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"அப்படி என்ன அவசரம் அண்ணாச்சி? தண்ணி குடிங்க முதல்ல."

தேவசகாயம் தண்ணீர் குடிக்கவில்லை. நோட்டைப் பிரித்தார். பதினாலு ரிசீவர்களின் பெயர், எத்தனை வாட், எத்தனை ஸ்பீக்கர் மாட்டலாம், கூரையிலும் ஸ்பீக்கர் தொங்கவிடலாமா, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார். கடைசி வரியில் இருந்த ஒன்றைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். கடையிலேயே பெரிய பெட்டி அதுதான். அவர் பென்ஷனுக்கு அது மலை.

"வளையலை அடகு வச்சாவது இதை வாங்கிரலாம்னு பார்க்கேன்."

"யார் வளையலை?"

"என் வீட்டுக்காரி ரூபாவோட வளையலைத்தான்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவளுக்காகத்தானே வாங்கறேன்!"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. தேவசகாயத்தின் மனைவி ரூபாவதி, கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழுவில் முப்பது வருடம் பாடியவர். கணீரென்று மேலே போகும் குரல்களுக்கு அடியில் தாங்கிப் பாடுகிற ஆல்டோ வரிசை. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஒலிப்பதிவுக்காரர் வந்து, குழுவை வட்டமாக நிறுத்தி, நடுவில் ஐந்து மைக் வைத்து ஒரு ஆராதனையைப் பதிவு செய்து, ஒவ்வொரு மைக்கின் ஒலியும் தனித்தனி ஸ்பீக்கரில் வரும்படி ஐந்து வழி டிஸ்க்காகப் போட்டுக் கொடுத்தார். அதற்கு அடுத்த வருடம் ரூபாவதிக்குத் தைராய்டு ஆபரேஷன். உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. பேசினால் தகரத்தை உரசுகிற மாதிரி கேட்கும்.

"இப்ப குழுத் தலைவர் பொன்னையா வீட்டுக்கு வந்து கெஞ்சறாரு. பாட வேண்டாம் தாயி, புதுசா வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஆல்டோ சொல்லிக் கொடு போதும்னு. இவ முடியாதுங்கறா. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் பாட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போறாளாம்."

"ஏனாம்?"

"போன மாசம் அந்த டிஸ்க்கைப் போட்டுக் காமிச்சேன். என்கிட்ட இருக்கிறது பழைய ரெண்டு ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயர்தானே. அஞ்சு வழியையும் ரெண்டுக்குள்ள அமுக்கிருச்சு. முன்னாடி நின்னவங்க குரல்தான் கேட்டுச்சு. இவ மூணு தடவை போடச் சொல்லிக் கேட்டா. அப்புறம், 'நான் இதுல எங்கயுமே இல்லை. முப்பது வருஷம் சும்மா வாயசைச்சுக்கிட்டு நின்னிருக்கேன் போல. நான் போய் என்னத்தைச் சொல்லிக் கொடுக்க'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அதுலயிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே அறைக்குள்ள போயிருதா."

மாஸ்டரம்மா நோட்டை வாங்கினார். சிவப்பு வட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வெற்றுப் பக்கம் ஒன்றைத் திருப்பிப் பேனாவோடு நீட்டினார்.

"உங்க ஹாலை வரைஞ்சு காட்டுங்க."

தேவசகாயம் உற்சாகமாக வரைந்தார். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. ஒவ்வொன்றாகப் பழசில் வாங்கிச் சேர்த்தவை. அதில் மூன்று இன்னும் பூச்சாடி வைக்கத்தான் பயன்படுகின்றன. நடுவில் ஒரு நாற்காலி வரைந்து, அதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எத்தனை அடி என்றும் குறித்தார்.

"இது யாரோட நாற்காலி?"

"என்னோடதுதான். அதுதானே சரியான இடம்? நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க."

"அக்கா எங்க உட்காருவாங்க?"

"அவ எங்க உட்காருதா! அடுப்படி வாசல்ல ஒரு முக்காலி கிடக்கும். கீரை ஆய்வா, பூண்டு உரிப்பா."

மாஸ்டரம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பெட்டி. கடையிலேயே சின்னது. அலமாரியின் கீழ்த்தட்டில், யாரும் கேட்காமல் கிடந்தது.

தேவசகாயத்தின் முகம் விழுந்துவிட்டது. "இதுவா? இது என் நோட்டுலயே இல்லையே மாஸ்டரம்மா."

"டிஸ்க்கில இருக்கிறதைக் குறைக்காம அஞ்சு வழியாவே வாங்கிக்கும். அஞ்சு ஸ்பீக்கருக்கும் அதது பங்கைப் பிரிச்சுக் கொடுக்கும். உங்க டிஸ்க்குக்கு மத்ததெல்லாம் எதுக்கு? ஆட்டோவைக் கூப்பிடுங்க, நானும் வரேன்."

ஆட்டோவில் ஏறியதும் தேவசகாயத்துக்குக் குருவின் மேல் முதல் தடவையாக மனஸ்தாபம். இவ்வளவு பெரிய காரியத்துக்கு இந்தக் குட்டிப் பெட்டியா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே வந்தார்.

வீட்டில் ரூபாவதி முக்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வாம்மா" என்று கையால் சொன்னார். புது ஆட்கள் முன்னால் குரலை எடுப்பதில்லை அவர்.

மாஸ்டரம்மா ஒயர்களை மாட்டினார். ரிசீவரோடு வந்த சின்ன மைக்கை எடுத்துத் தேவசகாயத்திடம் கொடுத்தார். கேட்கிறவரின் காது இருக்கும் இடத்தில் அந்த மைக்கை வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சத்தம் விட்டுப் பார்த்து, அந்த இடத்துக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் தானே சரி செய்துகொள்ளும்.

தேவசகாயம் யோசிக்கவேயில்லை. நேராகப் போய்த் தன் நாற்காலியில் வைத்தார். உயரம் சரியாக இருக்க இரண்டு தலையணை வேறு.

மாஸ்டரம்மா மைக்கை எடுத்தார். தலையணையையும் எடுத்தார். கடைசியில் அந்த நாற்காலியையே தூக்கிக்கொண்டு போய்ச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டார்.

"அக்கா, ரெண்டு நிமிஷம் எந்திரிங்க."

ரூபாவதி எழுந்தார். முக்காலியின் மேல் தலையணைகள், தலையணைமேல் மைக். அப்புறம் ஸ்பீக்கர்கள் கிளம்பின. பூச்சாடிகளுக்கு வேலை போயிற்று. ஒரு ஸ்பீக்கர் தையல் மிஷின்மேல் ஏறியது, ஒன்று பிரிட்ஜ் ஓரம் நின்றது. பின்பக்கத்து இடது ஸ்பீக்கருக்கு வேறு இடமே இல்லை. மாஸ்டரம்மா அதைக் கொண்டுபோய் அடுப்படி மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாஸ்டரம்மா, அடுப்படியில போயி ஸ்பீக்கரா!" தேவசகாயம் அலறியே விட்டார்.

"சத்தம் போடாதீங்க, பெட்டி அளந்துக்கிட்டு இருக்கு."

அளந்து முடிந்தது. "அக்கா, உங்க இடத்துல உட்காருங்க. அண்ணாச்சி, உங்க நாற்காலி அங்க இருக்கு."

செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார் தேவசகாயம். டிஸ்க் சுழன்றது. அவருக்கு முதலில் கேட்டது ஆர்கன், அதுவும் பிரிட்ஜின் உறுமலோடு சேர்ந்து. பாட்டு பாதிக்கு மேல் எங்கேயோ போய்விட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்தார்.

ரூபாவதி கீரையைக் கையில் எடுத்தார். முதல் சரணம் வரைக்கும் ஆய்ந்தார். இரண்டாம் சரணத்தில் கை நின்றது. மெல்லத் தலையைத் திருப்பி, தனக்குப் பின்னால், அடுப்படிக்குள் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஆனால் ஆல்டோ வரிசையின் ஆறு பெண்கள் அங்கே நின்று பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தா... அது கிரேஸ்" என்றார் ரூபாவதி. "பக்கத்துல சொர்ணம் அக்கா."

கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை. மூன்றாம் சரணம் முடியும்போது திடீரென்று கீரைத் தட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"ஐயையோ, பாருங்களேன்! நான் முன்னாலேயே மூச்சு விட்டுட்டேன். எல்லாரும் இழுத்துக்கிட்டு இருக்காங்க, நான் மட்டும் விட்டுட்டேன். அறிவிருக்கா எனக்கு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து அந்தத் தகரக் குரலில் வந்தது. தேவசகாயம் அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று வருடம் இருக்கும். கிட்டே போகவும் தோன்றாமல், உட்காரவும் முடியாமல், செருப்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆராதனை முழுவதும் ஓடி முடிந்தது. ரூபாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அறைக்குள் போனார்.

மாஸ்டரம்மா ஒயர்களை ஓரமாக ஒதுக்கிக் கட்டினார். இப்படி ஒரு பெண்ணா என்று தேவசகாயத்துக்கு மலைப்பாக இருந்தது. காலில் விழலாம், வயது தடுத்தது. ஆனாலும் மூன்று வருடப் படிப்பாயிற்றே, அரிப்பு சும்மா விடுமா?

"மாஸ்டரம்மா, ஒண்ணே ஒண்ணு. தப்பா நினைக்காதீங்க."

"கேளுங்க."

"இங்க மூலையில எனக்குப் பாட்டு பாதிதான் வந்துச்சு. அந்தச் சிவப்பு வட்டம் போட்டிருந்தேனே, அந்தப் பெரிய பெட்டியை வாங்கி, இன்னும் நாலு ஸ்பீக்கர் போட்டிருந்தா, இந்த மூலையிலயும் கேட்டிருக்குமா?"

மாஸ்டரம்மா பொய் சொல்லிப் பழகாதவர். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"கொஞ்சம் கூடக் கேட்டிருக்கும் அண்ணாச்சி."

அறைக்குள் ரூபாவதி பொன்னையாவை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். "புத்தகத்தை எதுக்குத் திருப்பித் தரணும்? நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் அந்தப் பிள்ளைகளை இங்க அனுப்புங்க. முதல்ல மூச்சு எங்க விடணும்னு சொல்லித் தரணும். நாலு மணின்னா நாலு மணி, லேட்டா வந்தா நான் கதவைத் திறக்க மாட்டேன்." தகரத்தை உரசுகிற அதே குரல்தான், தெரு வரைக்கும் கேட்டது.

மாஸ்டரம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டார்.

"இப்ப உங்களுக்கு எது கேக்கலை, அண்ணாச்சி?"

தேவசகாயம் செருப்பு ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், ரூபாவதியின் குரல் வந்த அறை வாசலில் போட்டு உட்கார்ந்தார்.