விடு

"டீச்சர், கண்ணுக்கு முன்னால வார பந்த ஒருத்தி வேடிக்கை பாப்பாளா?"

வந்ததும் வராததுமாகச் சேர்மக்கனி கேட்ட முதல் கேள்வி இதுதான். நலம் விசாரிக்கவில்லை. டீச்சருக்கென்று வாங்கி வந்த மாசிக்கருவாட்டுப் பொட்டலத்தைக்கூடக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

எமரன்சியா டீச்சர் தலையைத் தூக்கவில்லை. ஓட்டை போட்ட டின்னில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, பள்ளிக்கூட மைதானத்தில் வாலிபால் கோர்ட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"எவ?" என்றார்.

"எங்க லிபரோ. ஷிஃபா."

லிபரோ என்றால் பின்வரிசையில் நின்று பந்து தரையில் விழாமல் எடுக்கிறவள். அதற்காகவே வேறு நிறச் சட்டை போட்டு நிறுத்துவார்கள். அவளே விட்டால் வேறு யார் எடுப்பது?

சேர்மக்கனி மாலத்தீவில் ஒரு பெண்கள் கிளப்புக்குக் கோச். போய் ஆறு வருஷமாகிறது. அதற்கு முன்னால், இதே மைதானத்தில் டீச்சரிடம் ஆடியவர். டீச்சர் அவரைவிட ஏழெட்டு வயசுதான் மூப்பு. ஆனாலும் அவர் முன்னால் நின்றால் சேர்மக்கனிக்கு இன்றைக்கும் கை தானாகப் பின்னால் போய்விடும்.

"பைனல், டீச்சர். கடைசி செட். இன்னும் ஒரு பாயின்ட் போனா தோத்தோம். அவங்க சர்வீஸ். பந்து நேரா இவ தோளுக்கு வருது. கையத் தூக்குனா. பொறவு எறக்கிட்டா. பின்கோட்டுல போயி விழுந்துச்சு. முடிஞ்சு போச்சு."

ஊர் வந்து சேர்ந்த பிறகும் அந்த அதிர்ச்சி அவரை விட்டு இறங்கவில்லை.

"நீ எங்க நின்ன?"

"பெஞ்சுக்கு முன்னால."

"சும்மாவா நின்ன?"

"நான் என்னைக்கு சும்மா நின்னேன்? 'விடு'ன்னு கத்துனேன். வெளிய போற மாதிரி தெரிஞ்சுது."

டீச்சர் டின்னைத் தட்டினார். "தமிழ்லயா கத்துன?"

இதைக் கேட்டதும் சேர்மக்கனிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"போன புதுசுல அவங்க பாஷ எனக்கு வராது. நம்ம பாஷ அவங்களுக்கு வராது. ரெண்டே வார்த்த சொல்லிக்குடுத்தேன். எடு, விடு. எடுன்னா எடுக்கணும். விடுன்னா வெரல் படக்கூடாது. பட்டா மைதானத்தச் சுத்தி ஓடணும். இப்ப ஒருத்தியும் யோசிக்கவே மாட்டா, டீச்சர். எங்குரல் விழுந்தாப் போதும்."

பெருமை தாங்கவில்லை மனுஷனுக்கு.

"அந்தப் பிள்ள என்ன சொல்லிச்சு?"

"என்னத்தச் சொல்லும்? எல்லாரும் பாக்க எம்முன்னால வந்து, 'நீங்கதான சார் விடுன்னீங்க'ங்கா. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! கண்ணு எதுக்கு இருக்கு? அவளத் தூக்குனாத்தான் திரும்பி வருவேன்னு கிளப்புல சொல்லிட்டேன். சாயங்காலம் முடிவு கேட்டு போன் பண்ணுவாங்க."

"தூக்கிட்டா?"

"அவ்வளவுதான். அந்தத் தீவுல வேற டீம் கெடையாது."

மைதானத்தில் கட்டியிருந்த வலையைப் பார்த்தார். பிறகு, "தெனமும் எனக்கு முன்னால வந்து வலை கட்டுத பிள்ளதான். பாவந்தான். ஆனா தப்பு தப்புதான, டீச்சர்?" என்றார்.

டீச்சர் பின்கோட்டைப் போட்டு முடித்தார். சுண்ணாம்பைக் கனமாகவே கொட்டினார். டின்னை ஓரமாக வைத்துவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு வலைக்கு அந்தப் பக்கம் போனார்.

"செருப்பக் கழத்திட்டு உள்ள எறங்குல."

"நானா?"

"கோட்டுக்கு முன்னால நில்லு. பந்து கீழ விழக்கூடாது."

சேர்மக்கனிக்குச் சிரிப்பு வந்தது. அவர் எடுக்காத சர்வீஸா? பொட்டலத்தைக் கீழே வைத்தார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, முழங்காலை வளைத்து நின்றார்.

டீச்சர் சர்வீஸ் போட்டார். அப்படியொன்றும் வேகமில்லை. பந்து நேராகத் தோளுக்கு வந்தது. தூக்கத்தில் எழுப்பி எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடலாம். சேர்மக்கனி கையைத் தூக்கினார்.

"விடுல!"

கை இறங்கிவிட்டது.

முதுகுக்குப் பின்னால் பொத்தென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். புதுக்கோட்டின் நடுவில் வெள்ளைப் புழுதி எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது. பந்து உருண்டுபோய் வேலியோரம் நின்றது. ஓடிப்போய் எடுத்தார். அதன் மேல் வட்டமாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

கோட்டில் பட்டால் உள்ளேதான். அதைச் சேர்மக்கனிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பந்தைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்கதான டீச்சர் விடுன்..."

வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது.

டீச்சர் வலைக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தார். அவர் கையிலிருந்து பந்தை வாங்கி, ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் புறங்கையால் தட்டினார்.

சேர்மக்கனியின் சட்டைப் பையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அசையவில்லை.

"எடு," என்றார் டீச்சர். "யாரத் தூக்கணும்னு கேக்காங்க."