மழைச் சீட்டு

மாவு விற்கப் போனால் காற்றடிக்கும், உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்று புலம்புவதோடு நிற்காமல், அந்த உப்பளத்து ஊர்க்காரர்கள் மழைக்கே ஒரு சீட்டுக் கண்டுபிடித்தார்கள். மழையில் உப்பு கரைந்தால், சீட்டு எழுதிக் கொடுத்தவர் நஷ்டத்தை ஈடுகட்டுவார். சீட்டைக் கைமாற்றியும் விற்கலாம். ஒரு பிடி உப்புக்கூட இல்லாதவர்களும் வாங்கி விற்றார்கள். கேட்பானேன், சந்தை ஜேஜே என்றிருந்தது.

ஆதிமூலம் கத்தை கத்தையாக வாங்கியிருந்தார். அந்தத் தைரியத்தில், வருஷமெல்லாம் வாரிச் சேர்த்த உப்பை மூட ஓலைகூட வாங்கவில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

ஓடைக்கரை மடத்துப் பேச்சியம்மை அவரைவிட இருபது வயது இளையவள். அவளைத்தான் அவர் குருவாக வரித்திருந்தார். ஒரு சாயங்காலம் அவளிடம் போய் உட்கார்ந்தார். கடலும் வானமும் ஒரே வெண்மையாகக் கிடந்தன. தூரத்து உப்பு அம்பாரங்கள் தரையில் நிற்கின்றனவா, மிதக்கின்றனவா என்று சொல்ல முடியவில்லை.

"எல்லாம் பத்திரமாத்தான் இருக்கு தாயி. ஆனா கண்ணை மூடினா உப்பு கரையுற சத்தம் கேக்குது."

"சீட்டு எழுதினது யாரு அண்ணாச்சி?"

"பொன்னம்பலம்."

"மழை பெஞ்சா எதை வச்சுக் கொடுப்பாரு?"

"அவருக்கென்ன குறைச்சல்? அந்தா தெரியுதே, அந்த அம்பாரம் அம்புட்டும் அவருதுதான்..."

சொல்லும்போதே ஆதிமூலம் எழுந்து நின்றுவிட்டார். பெய்கிற மழை பொன்னம்பலத்தின் உப்பை மட்டும் விட்டுவைக்குமா?

அரக்கப்பரக்கச் சந்தைக்கு ஓடினார். கிழக்கே மேகம் கறுத்திருந்தது. முந்தின நாள் போட்டி போட்டு வாங்கிய அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். எல்லார் கையிலும் விற்கக் கொண்டுவந்த சீட்டு. பாதி விலை என்றார், கால் விலை என்றார். கனவில் கூப்பிட்டால் குரல் எழும்பாதே, அப்படி இருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது தூறல் தொடங்கியிருந்தது. ஆதிமூலம் பயத்தில் அழுதேவிட்டார்.

பேச்சியம்மை மடத்து உண்டியலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்குக் கொடுங்க அண்ணாச்சி. நேத்து வெலைக்கே வாங்கிக்கிடுதேன்."

அவர் சீட்டுக் கத்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

"வேண்டாம் தாயி. தெரிஞ்சே உங்க தலையில கட்டினா, அந்தப் பாவம் என்னை விடாது."

"நேத்து கேட்டிருந்தா?"

"கொடுத்திருப்பேன்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

"நேத்தும் அவரு சொத்து உப்புதானே, அண்ணாச்சி."