சொம்புத் தண்ணீர் அலுங்கவில்லை

உச்சி வெயிலில் ஆறு பேர் ஜமீன்தாரின் பல்லக்கைச் சுமந்து வறண்ட ஆற்றைக் கடந்தார்கள். நடு மணலில் அவர்களில் ஒருவனான சொள்ளமுத்து சுருண்டு விழுந்து செத்தான்.

முன்கொம்பு பிடித்த மாசானம் கெஞ்சினான்: "எசமான், இறக்கிவச்சு அவனைப் புதைச்சிட்டு வந்துடறோம்."

திரைக்குள்ளிருந்து ஜமீன்தார் சீறினார்: "பக்கத்துல வச்சிருக்கிற என் சொம்புத் தண்ணி சொட்டுக்கூட அலுங்கலை. இந்த நடைக்கா ஒருத்தன் சாவான்? நின்னீங்கன்னா தோலை உரிச்சிடுவேன்!"

"சரி எசமான்."

பத்தடி நடந்ததும் பல்லக்கைப் பூப்போல இறக்கினார்கள். மாசானம் மட்டும் பக்கத்தில் நின்று, சுமந்து நடக்கும்போது பாடும் பாட்டை விடாமல் பாடினான். மற்ற நால்வரும் கையாலேயே மணலைத் தோண்டினார்கள். ஜமீன்தார் சொம்பைப் பார்த்தார். தண்ணீர் அலுங்கவில்லை. நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்து, "ஊர் வந்துடுச்சா?" என்று திரையை விலக்கினார். அதே ஆறு. பத்தடி பின்னால் புது மண்மேடு.

"அடப்பாவிகளா, நகரவே இல்லையா?"

"நடந்தப்பவும் தண்ணி அலுங்கலை, நின்னப்பவும் அலுங்கலை. உள்ளே இருக்கிற உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் எசமான்" என்றான் மாசானம். "தோள் கொடுத்தவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அவன் அதோ படுத்திருக்கான், கேட்டுக்குங்க."