கயிற்றின் மறுமுனை

"மேடம், மனோதத்துவம் எனக்கு வரவே வராது. விட்டுடுங்க."

மாசானம் நின்றபடியே சொன்னான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

ராணுவத்திலிருந்து வந்து, நாற்பது வயதில் உடற்கல்விக் கல்லூரியில் மாணவனாகச் சேர்ந்தவன். பேராசிரியை எஸ்தர் அவனைவிட இளையவர். மைதானப் பயிற்சி, முகாம் நடத்துதல், மனோதத்துவம் மூன்றும் அவர் கற்பிக்கும் பாடங்கள். பொதிகை அடிவாரத்தில் இப்போது முகாம். பாடப் பயிற்சியாக அதை நடத்துவது மாசானம்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"முதலாம் ஆண்டுல ரஜியான்னு ஒரு பிள்ளை. எல்லாரும் கயித்தைக் கட்டிப் பாறையில இறங்கிட்டாங்க. அவ மட்டும் உச்சியிலேயே உட்கார்ந்துட்டா. அதட்டினேன். கெஞ்சினேன். புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரி பக்கத்துல உட்கார்ந்தும் கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"எதுக்குப் பயப்படுறேன்னு."

"அவ என்ன சொன்னா?"

"படிப்பே வேண்டாம், ஊருக்குப் போறேங்கா."



மாசானம் கூடாரத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"நாளைக்கு முகாம் முடியுது மேடம். இப்படியே போனா ஆயுசுக்கும் அந்தப் பாறை அவ நெஞ்சுலதான் கிடக்கும். என்ன சொன்னா பயம் போகும்? ஒரு வார்த்தை சொல்லுங்க, ஓடிப்போய்ச் சொல்லிடுறேன்."

"வாங்க," என்று எஸ்தர் எழுந்தார்.

உச்சிக்குப் பின்பக்கமாக ஒரு பாதை ஏறியது. ரஜியா அங்கேயேதான் இருந்தாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

எஸ்தர் இடுப்புப் பட்டையை எடுத்து மாசானத்துக்கு மாட்டினார். கயிற்றைக் கோத்தார். அதை விளிம்பருகே நின்ற மரத்தில் சுற்றி, மறுமுனையை ரஜியாவின் கையில் கொடுத்தார். மிச்சக் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றார்.

"இறங்குங்க அண்ணாச்சி."

"இவ பிடிக்கவா? கை எப்படி நடுங்குது பாருங்க!"

"ஆமா."

"விட்டுட்டான்னா?"

எஸ்தர் அவனைப் பார்க்கவில்லை. கயிற்றை எப்படிக் கொஞ்சங்கொஞ்சமாக விடுவது என்று ரஜியாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

மாசானம் எத்தனையோ பாறைகளில் இறங்கியவன். எல்லாம் தன் கையை நம்பி. இன்று விளிம்பில் முதுகைச் சாய்க்குமுன் கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

"பிடி! விடு! விடுன்னா இவ்வளவா? பிடி!"

கத்திக்கொண்டே விறுவிறுவென்று இறங்கினான். பாதியில் கால் வழுக்கியது.

கயிறு விறைத்தது. அந்தரத்தில் தொங்கினான்.



மேலே, விளிம்பில், ரஜியாவின் முகம் தெரிந்தது. கயிற்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வியர்வை அவள் தாடையிலிருந்து சொட்டியது.

"அண்ணாச்சி, அவசரம் ஒண்ணுமில்ல. கால் ஊணட்டும். அது வரைக்கும் நான் பிடிச்சிருக்கேன்."

மாசானம் பாறையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். கால் ஊன்ற வெகுநேரம் ஆயிற்று. அவள் அவசரப்படுத்தவேயில்லை.

தரையைத் தொட்டதும் பின்பக்கப் பாதை வழியே ஏறி வந்தான். என்ன சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்தான். வந்ததும் ரஜியாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

எஸ்தரும் உட்கார்ந்தார். காற்று வீசிக்கொண்டிருந்தது.

ரஜியா கயிற்றின் தடம் பதிந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அவன் பக்கம் நீட்டினாள்.

"அந்தப் பட்டையைக் கழட்டிக் கொடுங்க அண்ணாச்சி."