வளைக்குள்ளே சீறிய ஆந்தை

அந்தக் காலத்தில், ஓடுவதும் பறப்பதும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தபோது, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரம்கூட இல்லாத புல்வெளியில் முட்டைக்கண்ணி என்றொரு சின்ன ஆந்தை இருந்தாள். கூடு கட்டக் கிளை இல்லை. மண்ணைத் தோண்டலாம் என்றால் அவள் கால்களோ குச்சி குச்சியானவை. அரை நாள் பிறாண்டியும் ஒரு முட்டை வைக்கும் அளவுக்குக்கூடக் குழி விழவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் மண்வாரி என்ற தரையணில்.

"ஏன் தங்கச்சி இப்படி நகம் தேயப் பிறாண்டுறே? என் வளையிலே ஓர் அறை சும்மாத்தான் கிடக்கு. வந்து இரு."

மற்ற அணில்களுக்கு இது பிடிக்கவில்லை. "சிறகு இருக்கிறவளை நம்பலாமா? ஆபத்து வந்தா பறந்துடுவா" என்று முணுமுணுத்தன. அது முட்டைக்கண்ணியின் காதில் விழுந்தது, சுருக்கென்றது. ஆனாலும் முட்டைகளை வேறெங்கே வைப்பது? உள்ளே போனாள்.

நான்கு குஞ்சுகள் பொரிந்தன. ஒரு நண்பகலில் மண்வாரி தன் குட்டிகளை அவளிடம் விட்டுவிட்டு மேயப் போனாள். வாசலில் நின்ற முட்டைக்கண்ணி பார்த்தபோது நரி பத்தடி தூரத்தில் இருந்தது. பறந்திருக்கலாம். அவள் வளைக்குள் ஓடினாள்.

நரி மண்ணை வாரி வாரி எறிந்தது. அணில்குட்டிகள் அவள் இறக்கைக்கடியில் நடுங்கின. அந்தப் புல்வெளியில் நரி அஞ்சியது ஒன்றுக்குத்தான்: வாலைக் கிலுகிலுவென்று ஆட்டிச் சீறி எச்சரிக்கும் விஷப்பாம்புக்கு. முட்டைக்கண்ணி தொண்டையை இறுக்கிக்கொண்டு அதைப்போலச் சீறிப் பார்த்தாள். கீச்சென்று ஒரு சத்தம்தான் வந்தது.

"என்ன, விக்கலா?" என்று சிரித்தது நரி.

அவள் நெஞ்சு நிறைய மூச்சிழுத்து மறுபடி சீறினாள். "ஸ்ஸ்ர்ர்ர்ர்..." குஞ்சுகளும் சேர்ந்துகொண்டன. நீண்ட வளை அந்த ஒலியைப் பெருக்கி வெளியே தள்ளியது.

"ஐயோ, உள்ளே ஒரு கூட்டமே இருக்கு!" நரி பிடித்த ஓட்டத்தில் புழுதி அடங்க வெகுநேரமாயிற்று.

நரி ஓடுவதைக் கண்டு பதறி ஓடிவந்த மண்வாரி, இன்னும் ஓயாத சீறல் கேட்டு வாசலிலேயே உறைந்தாள். "என் பிள்ளைங்க!"

"பாம்பு இல்லை அக்கா, நான்தான்!" மண் அப்பிய முகத்தோடு வெளியே வந்தாள் முட்டைக்கண்ணி. அவள் பின்னால் குட்டிகள் அத்தனையும் முட்டிமோதிக்கொண்டு வந்தன. புல்வெளியெங்கும் அணில்கள் பின்னங்கால்களில் எழுந்து நின்று கூவின. "எந்த வளை வேணும்? சொல்லு தாயி, எந்த வளை வேணும்?"

அன்று முதல்தான் தரையணில் தோண்டிய வளையில் ஆந்தை உரிமையோடு குடியிருக்கிறது. வாசலில் யார் கால் வைத்தாலும் அதன் குஞ்சுகூடப் பாம்பாய்ச் சீறுகிறது.